டீம் போடுபவர் படும் பாடு

காணும் பொங்கல் கபடிக்கு ஊர் டீம் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் முதல் கேள்வி வந்துவிடும்: "யார் போட்ட லிஸ்ட் இது?" இன்னும் ஆட்டமே தொடங்கவில்லை. ஒரு புள்ளிகூடப் போகவில்லை. கோபம் மட்டும் வந்து சேர்ந்தாயிற்று.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்தக் கோபத்தைத் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள் பலர். கரும்பு வெட்ட யாருக்கு முதலில் உத்தரவு என்று எழுதும் ஆலை அலுவலர், கடன் பட்டியல் தயாரிக்கும் கூட்டுறவு சங்கச் செயலாளர், மகளிர் குழுத் தலைவி, ரைஸ்மில் ஷிப்ட் சூப்பர்வைசர், கல்வராயன் மலையிலிருந்து வெளியூர் வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி. பதவிப் பெயர்கள் வேறு, வேலை ஒன்றுதான். யார் உள்ளே, யார் வெளியே, யார் முதலில், யார் அப்புறம் என்று முடிவு செய்வது.

கனடா, அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் இந்த வேலைக்கு ஜெனரல் மேனேஜர் என்று பெயர். அவர் களத்தில் இறங்க மாட்டார். ஆனால் யார் இறங்குவது, யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை வேறு அணிக்கு மாற்றுவது எல்லாம் அவர் கையில். அதனால் அணி தோற்றால் அரங்கமே அவர் பெயரைச் சொல்லித்தான் கத்தும். 2021 டிசம்பர் 4 அன்று வான்கூவர் கனக்ஸ் அணியின் சொந்த அரங்கில், மேனேஜர் ஜிம் பென்னிங்கை நீக்கச் சொல்லி ரசிகர்கள் கோஷம் போட்டார்கள். ஒருவர் தன் ஜெர்சியையே கழற்றிப் பனித்தரையில் வீசினார். 2014 முதல் பதவியில் இருந்தவர், மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

பொறுப்புக்கு வந்தவர் எல்லோரும் ஒருநாள் இந்தக் கோஷத்தைக் கேட்கத்தான் போகிறார்கள். அதைத் தாங்கி நிற்க என்ன செய்யலாம் என்பதற்கான கையேடு இது. பாடத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் ஹாக்கியிலேயே இருக்கிறது, சேப்பாக்கத்திலும் இருக்கிறது.

பதினான்கு வருடப் பாடம்

1994-ல் கே.பி.எஸ்.கில் இந்திய ஹாக்கி கூட்டமைப்பின் தலைவரானார். பஞ்சாப் போலீஸ் தலைமை இயக்குநராக நாடறிந்தவர். 2008 வரை அவரே தலைவர். செயலாளர் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே.ஜோதிகுமரன்.

அந்தக் காலத்து உலகக்கோப்பைக் கணக்கு இது: 1994-ல் 5-ஆவது இடம், 1998-ல் 9, 2002-ல் 10, 2006-ல் 11. ஒலிம்பிக்கில் 1996-ல் 8, 2000-லும் 2004-லும் 7. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் ஹாக்கி அணி முதல்முறையாகப் பதக்கம் இல்லாமல் திரும்பியது. 2008 மார்ச்சில் சிலியின் சாண்டியாகோவில் நடந்த தகுதிச்சுற்று இறுதியில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றது. 1928 முதல் ஒரு ஒலிம்பிக்கையும் தவறவிடாத, எட்டுத் தங்கம் வென்ற நாட்டால் பெய்ஜிங்குக்குப் போகவே முடியவில்லை.

ரசிகர்கள் கொதித்ததற்குத் தோல்வி மட்டும் காரணம் என்றால், பாதிதான் சரி. தோற்ற அணிகளை நம் மக்கள் எத்தனையோ முறை மன்னித்திருக்கிறார்கள். எரிச்சலைக் கிளப்பியது வெற்றிக்குப் பிறகு நடந்தது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 வருடத்துக்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றது. அடுத்த தொடருக்கான பட்டியல் வந்தபோது கேப்டன் தன்ராஜ் பிள்ளை இல்லை, கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் இல்லை, வேறு சில மூத்தவர்களும் இல்லை. பயிற்சியாளர் எம்.கே.கௌசிக்கும் மாற்றப்பட்டார். ஜெயித்துக்கொண்டு வந்தவர்களை எந்த அளவுகோலில் தள்ளினார்கள் என்பது ரசிகர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

2002 கோலாலம்பூர் உலகக்கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் செட்ரிக் டிசூசா நீக்கப்பட்டார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வாசலில் நிற்கும்போது ராஜிந்தர் சிங்கை மாற்றி ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டுவந்தார்கள். 2008 ஏப்ரலில் அணியில் இடம் தரப் பணம் கைமாறியதாகக் குற்றம்சாட்டும் ரகசியக் கேமரா காட்சிகளை ஆஜ் தக் ஒளிபரப்பியது. செயலாளர் ராஜினாமா செய்தார். ஏப்ரல் 28 அன்று இந்திய ஒலிம்பிக் சங்கம் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தது.

இதில் நமக்குள்ள செய்தி ஒரு வரிதான். தோல்வியை மக்கள் பொறுப்பார்கள், கணக்குக் காட்டாத முடிவைப் பொறுக்க மாட்டார்கள். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு வரியின் செய்முறை.

முதலில் கோபத்தை இனம் பிரியுங்கள்

திட்டு வந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி "பொறாமை" என்று ஓரமாக வைப்பதுதான் புதுப் பொறுப்பாளரின் வழக்கம். அதற்கு முன் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, முடிவு பிடிக்காத கோபம். "இவனைப் போட்டிருக்கலாம், அவனைப் போட்டிருக்கலாம்" வகை. இதற்குக் காலம்தான் பதில். 2018-ல் இரண்டு வருடத் தடை முடிந்து திரும்பிய சென்னை சூப்பர் கிங்ஸ், ஏலத்தில் முப்பது தாண்டியவர்களாகப் பார்த்து எடுத்தது. சென்னைப் பையன் அஸ்வின் பஞ்சாபுக்குப் போனார். "தாத்தா டீம்" என்று கேலி செய்யாதவர் குறைவு. 4 கோடிக்கு எடுத்த ஷேன் வாட்சன் இறுதிப் போட்டியில் 57 பந்தில் ஆட்டமிழக்காமல் 117 அடித்தார். கோப்பை வந்தது, கேலி போனது.

இரண்டாவது, முறை பிடிக்காத கோபம். "எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்பது. இதற்குக் காலம் பதில் சொல்லாது, காகிதம்தான் சொல்லும். அளவுகோல் எழுத்தில் இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் கேட்பவர் பக்கம்தான் நியாயம்.

மூன்றாவது, மரியாதை போன கோபம். "என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா?" என்பது. மூன்றில் நீண்ட நாள் ஆறாதது இதுதான். பத்து வருடம் கழித்துச் சங்கத் தேர்தலில் எதிரே வந்து நிற்பதும் இதுதான்.

முதல் வகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதுக்குப் பதில் எழுதுங்கள். மூன்றாவதுக்கு நேரில் போங்கள்.

விதி 1: பட்டியலுக்கு முன் அளவுகோல்

கரும்பு விவசாயியிடம் கேளுங்கள், இந்த விதியை அவர் நமக்குப் பாடம் எடுப்பார். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் இது. நடவு செய்த தேதியை ஆலையில் பதிவு செய்ய வேண்டும், அரவைப் பருவம் தொடங்கியதும் வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு மாதத்தில் வெட்ட வேண்டிய கரும்பு தள்ளிப்போனால் காய்ந்து எடை குறையும். வெட்டு ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால் கூலியும் ஏறும். எனவே பக்கத்து வயலுக்கு உத்தரவு வந்து தனக்கு வரவில்லை என்றால், அவருக்கு அது வெறும் வருத்தமில்லை. அந்த வருடத்துக் கடன் கணக்கு.

எந்த ஆலையாக இருந்தாலும் சரி, நிலைமை இரண்டு விதமாகப் போகலாம். ஒன்றில், பதிவு எண், நடவு தேதி, ரகம், வெட்டு நாள் என்று கட்டம் போட்ட தாள் கோட்ட அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும். விவசாயி விரலை வைத்துத் தன் பெயருக்கு மேலே எத்தனை பேர் என்று எண்ணுவார். "இன்னும் பதினோரு பேர், இருபது நாள் ஆகும்" என்று முனகிக்கொண்டே வண்டியை எடுப்பார். இன்னொன்றில், தாள் மேசை இழுப்பறைக்குள் இருக்கும். அதே இருபது நாள்தான். ஆனால் அங்கே டீக்கடையில் இருபது கதை பிறந்திருக்கும்.

இரண்டு இடத்திலும் தாமதம் ஒன்றே. கதைதான் வேறு. ஆகவே:

- பட்டியல் வெளியாவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு, எதை வைத்துத் தேர்வு என்று மூன்று, நான்கு வரியில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி போடுங்கள். ஊர் டீம் என்றால் பயிற்சிக்கு வந்த நாள், உடல் தகுதி, ஆடும் இடத்தின் தேவை. அலுவலகம் என்றால் மூப்பு, திறன், வருகைப் பதிவு.
- எழுதிய பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், மாற்றத்தையும் காரணத்தையும் அதே இடத்தில் அறிவியுங்கள்.
- "என் அனுபவம் சொல்லுது" என்பது அளவுகோல் இல்லை. அனுபவம் எதைப் பார்த்தது என்று சொல்ல முடிந்தால்தான் அது அளவுகோல்.
- விதிவிலக்கு ஒன்று கொடுத்தால் அதே வகை ஆள் இன்னும் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிவிடுங்கள். நாளை அவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த பகுதி. மேலே இருப்பவர் சொன்னால் கீழே கேள்வி கிடையாது என்ற பழக்கம் தலைமுறைகளாக ஊறிய இடங்களில், இன்று சங்கச் செயலாளரிடமும் மேஸ்திரியிடமும் இளைஞர்கள் கணக்குக் கேட்கிறார்கள் என்றால் அது நல்ல சேதி. அதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொள்ளும் பொறுப்பாளர் காலத்தைத் தவறாகப் படிக்கிறார்.

விதி 2: வெளியே போகிறவருக்குத்தான் முதல் தகவல்

பட்டியலில் இடம்பிடித்தவருக்கு யார் சொன்னாலும் சந்தோஷம்தான். இடம் இல்லாதவருக்கு நீங்களே சொல்ல வேண்டும், குழுவில் போடுவதற்கு முன் சொல்ல வேண்டும், நேரில் சொல்ல வேண்டும். மலைக்கும் ஊருக்கும் தூரம் அதிகம் என்றால் போனிலாவது சொல்ல வேண்டும். குறுஞ்செய்தி கூடாது.

பலர் தடுமாறுவது இந்தப் பேச்சில்தான். சுற்றி வளைத்து, பாராட்டில் தொடங்கி, கடைசியில் எதிராளியே "அப்ப நான் டீம்ல இல்லையா?" என்று கேட்கும்படி விட்டுவிடுவார்கள். நல்ல பேச்சு இப்படிப் போகும்:

"தம்பி, ஞாயித்துக்கிழமை லிஸ்ட்ல உன் பேரு இல்ல. குரூப்ல போடறதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிடலாம்னு வந்தேன்."

"ஏன்ணா? போன வருசம் நான்தான ரைடு போனேன்?"

"போன வருசம் நீதான். இந்த வருசம் பதினஞ்சு நாள் பிராக்டிஸ்ல நாலு நாள்தான் வந்த. எட்டு நாளுக்குக் கம்மின்னா இல்லன்னு மொதல்லயே எழுதிப் போட்டோம்."

"மில்லுல நைட் ஷிப்ட்ணா..."

"தெரியும். உன் மேல தப்பு சொல்லல. மாசில சங்கராபுரம் டோர்னமெண்ட் இருக்கு. அதுக்கு ஷிப்ட் மாத்த முடியுமான்னு கேளு. முடிஞ்சா வா, திரும்பப் பார்ப்போம்."

நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். முதல் வாக்கியத்திலேயே முடிவு வந்துவிட்டது. காரணத்தில் எண் இருக்கிறது. அவர் குணத்தின் மேல் ஒரு சொல்லும் விழவில்லை. அடுத்து எப்போது வாய்ப்பு என்பதும் தெரிந்துவிட்டது. அவர் அன்று இரவு கோபமாகத்தான் இருப்பார். ஆனால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிய அவரிடம் கதை எதுவும் இல்லை.

பெரிய இடத்திலும் இதே நியாயம்தான். 2022 ஏலத்தில் சின்னத் தல சுரேஷ் ரெய்னாவைச் சென்னை அணி எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. ரசிகர்கள் கொந்தளித்தார்கள். தலைமைச் செயல் அதிகாரி காசி விஸ்வநாதன் முன்னால் வந்து, அணியின் அமைப்பையும் அன்றைய ஆட்டத் திறனையும் பார்த்தால் ரெய்னா பொருந்தவில்லை என்று விளக்கினார். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. அந்த வருடம் அணி 9-ஆவது இடத்தில் முடிந்தபோது பழைய கோபம் கூடவே கிளம்பியது. 2023-ல் கோப்பை வந்தது. விளக்கம் சொல்வதால் கோபம் தீராது. ஆனால் வதந்திக்கு வேலை குறையும். பொறுப்பாளருக்கு அதுவே பெரிய லாபம்.

விதி 3: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

தோல்விக்குப் பிறகு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றம் வரும். ரசிகர் கத்துகிறார், மேலதிகாரி போன் செய்கிறார், நமக்கும் தூக்கம் போய்விட்டது. அந்தப் பதற்றத்தில் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் யாரையாவது பலி கொடுப்பதாகவே முடியும். 2002-லும் 2004-லும் பயிற்சியாளர்களை மாற்றியபோது ஹாக்கிக் கூட்டமைப்பு விழுந்த குழி இது. ஆள் மாறினார், இடம் மாறவில்லை. பத்தாவதும் ஏழாவதும்தான் கிடைத்தன.

பருவத்தின் நடுவே எதையும் தொடவே கூடாது என்றும் அர்த்தமில்லை. 2025-ல் சென்னை அணி 14 ஆட்டத்தில் 4 மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. 120 கோடி ஏலத் தொகையில் ஐந்து பேரைத் தக்கவைக்கவே 65 கோடியைச் செலவிட்ட அணி அது. "மிச்சத்தை எப்படிச் செலவு செய்தீர்கள்?" என்று ரசிகர்கள் கேட்டார்கள். அந்தச் சீசனின் நடுவிலேயே பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேவையும் டெவால்ட் பிரேவிஸையும் உள்ளே கொண்டுவந்தார்கள். தொடர் கை நழுவிய பிறகும் அடுத்த வருடத்துக்கு வழி தெரிந்தது. நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியதும், டிசம்பர் ஏலத்தில் இந்திய அணிக்கு ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்ததும் அந்த வழியில்தான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கோபத்தைத் தணிக்க ஒரு ஆளை மாற்றியது. மற்றது, எந்த இடம் ஓட்டை என்று பார்த்து அந்த இடத்தை மாற்றியது.

உங்கள் ஷிப்டில் உற்பத்தி குறைந்தால் ஆளை, இயந்திரத்தை, நேரத்தை மூன்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்றாதீர்கள். எது பலன் தந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி, இரண்டு வாரம் எண்களை எழுதி, பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

விதி 4: உறவும் பணமும் வரும்போது எழுந்து வெளியே போங்கள்

கள்ளக்குறிச்சி பெரிய ஊர் இல்லை. மலையில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று எங்கே போனாலும் பட்டியலில் உங்கள் பங்காளியோ மாமன் மகனோ இல்லாமல் இருக்காது. "நான் நேர்மையாகத்தான் பார்த்தேன்" என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பப்போவதில்லை, நம்ப வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

- உறவினர் பெயர் வரும் இடத்தில் அந்த ஒரு பெயரை மட்டும் மற்ற இருவர் முடிவு செய்யட்டும். நீங்கள் வெளியே போனதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.
- நன்கொடை தந்தவர் மகனுக்கு இடம் என்ற பேச்சுக்கே இடம் வேண்டாம். ஜெர்சிக்குப் பணம் தந்தவர் பெயர் ஜெர்சியில் இருக்கட்டும், பட்டியலில் வேண்டாம்.
- மேஸ்திரியாக இருந்தால் முன்பணம் யாருக்கு எவ்வளவு என்பதைத் தனித்தனி நோட்டில் எழுதி, வாங்கியவர் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். ஒரு பிரதி அவரிடமே இருக்கட்டும். வேலை முடிந்து மலைக்குத் திரும்பும்போது வரும் சண்டைகளில் பாதி இந்த நோட்டு இல்லாததால் வருவது.

2008-ல் இந்திய ஹாக்கியை வீழ்த்திய கடைசி அடி மைதானத்தில் விழவில்லை. தேர்வில் பணம் புகுந்தது என்ற சந்தேகம்தான் அந்த அடி. பதினான்கு வருட எரிச்சல் அந்த ஒரு காட்சியில் வந்து சேர்ந்தது.

விதி 5: பதில் சொல்ல ஒரு நாளும் ஓர் இடமும்

இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வரும் குரல் பதிவுக்கு அதே இரவு பதில் போடுவது, எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. "பார்த்தேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன்" என்று ஒரே வரி போடுங்கள். பிறகு சொன்னபடி போய் உட்காருங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு மூன்று தாள் போதும். அளவுகோல் எழுதிய தாள், அதன்படி ஒவ்வொருவரின் எண், அடுத்து என்ன எப்போது என்ற தேதி. பேச்சு நீண்டால் தாளுக்குத் திரும்புங்கள். "உங்களுக்கெல்லாம் உள்ளே நடக்கிறது தெரியாது" என்ற வாக்கியத்தை மட்டும் மறந்தும் சொல்லாதீர்கள். தெரியாமல் வைத்தது யார் என்ற கேள்வி உடனே வரும்.

சில முடிவுகளுக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் தீர்ப்பு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2016 ஜூன் 29 அன்று மான்ட்ரியல் கனேடியன்ஸ் மேனேஜர் மார்க் பெர்ஷெவன், ரசிகர்களின் செல்லப்பிள்ளை பி.கே.சுபானை நாஷ்வில் அணிக்கு அனுப்பி ஷே வெபரை வாங்கினார். ஊரே கொதித்தது. 2021-ல் அந்த வெபரின் தலைமையில் அணி ஸ்டான்லி கோப்பை இறுதிவரை போனது. அதே வருடம் நவம்பரில், அடுத்த சீசன் மோசமாகத் தொடங்கியதும், பெர்ஷெவன் பதவியிழந்தார். ஒரு சரியான முடிவு உங்களை என்றைக்கும் காப்பாற்றாது. ஒரு தவறான முடிவு மட்டுமே உங்களை வீழ்த்துவதும் அபூர்வம். முறை சரியாக இருக்கிறதா என்பதுதான் உங்கள் கையில் உள்ளது.

கோபம் நியாயமாக இருந்தால்

கேட்டவர்கள் பக்கம் உண்மை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் இழுக்காதீர்கள். என்ன தவறு, யார் பாதிக்கப்பட்டார், எப்போது சரியாகும் என்று மூன்று வாக்கியம் போதும். "யாருக்காவது மனசு புண்பட்டிருந்தால்" என்ற இழுவை வேண்டாம். புண்பட்டவர் எதிரேயே நிற்கிறார்.

இடத்தைக் காலி செய்யும் நேரமும் உண்டு. அளவுகோலை எழுத உங்களை மேலே உள்ளவர்கள் விடவில்லை, பட்டியல் வேறு எங்கோ தயாராகி உங்கள் கையெழுத்து மட்டும் கேட்கப்படுகிறது என்றால், அந்த நாற்காலியில் சம்பளம் அவர்களுக்கும் திட்டு உங்களுக்கும் என்று அர்த்தம். எழுத்தில் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது முறையும் நடந்தால் விலகுங்கள்.

திட்டுகிறவர்களுக்கும் நான்கு வரி

நீங்கள் இப்போது எதிர்ப்பக்கத்தில், பட்டியலில் பெயர் இல்லாதவராக இருக்கலாம். கோபப்பட உரிமை உண்டு. அது பலிக்க வேண்டுமென்றால்:

- ஆளைப் பற்றிக் கேட்காமல் அளவுகோலைக் கேளுங்கள். "எதை வைத்து எடுத்தீர்கள்?" என்ற ஒரே கேள்விக்கு மழுப்ப முடியாது.
- வாட்ஸ்அப்பில் கேட்டதை எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். அரசு அலுவலகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 கையில் இருக்கிறது. ஊராட்சி என்றால் கிராம சபை.
- வீட்டாரை, சாதியை இழுக்காதீர்கள். இழுத்த கணத்தில் உங்கள் நியாயமான கேள்வி செத்துவிடும்.
- பதில் சரியாக இருந்தால் "சரி" என்று அதே குழுவில், அதே சத்தத்தில் சொல்லுங்கள்.

விளையாட்டு வீரர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், கூட்டமைப்புகளைக் கண்காணிக்கத் தேசிய விளையாட்டு வாரியத்துக்கும், விளையாட்டுத் தகராறுகளைத் தீர்க்கத் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்கும் வழி செய்திருக்கிறது. 1998-ல் தன்ராஜுக்கு இப்படியொரு கதவு கிடையாது.

இதையே தொழிலாக்க விரும்பினால்

டீம் போடுவது முழுநேர வேலையாகவும் ஆகலாம். ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கி, தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற அணியே களத்தில் இருக்கிறது. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக்கோப்பையைச் சென்னையும் மதுரையும் நடத்தின. ஒவ்வொரு அணிக்கும் போட்டிக்கும் பின்னால் மேலாளர், தரவு ஆய்வாளர், ஏற்பாட்டாளர் என்று ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. சென்னை மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பயிற்சியாளராக விரும்புபவருக்குப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு உண்டு.

கள்ளக்குறிச்சி கோவில்பட்டியைப் போல ஹாக்கி ஊர் இல்லை. அதனால் குறை ஒன்றுமில்லை. முதல்வர் கோப்பை மாவட்டப் போட்டிகளில் தன்னார்வலராகப் போய் நில்லுங்கள். ஊர்க் கபடி டீமின் வரவு செலவு நோட்டை ஒரு வருடம் ஒழுங்காக எழுதுங்கள். நேர்காணலில் "யாருக்கும் பிடிக்காத முடிவு ஒன்றை எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். அளவுகோல் என்ன, யாருக்கு எப்படிச் சொன்னீர்கள், பிறகு என்ன ஆனது என்று அந்த வரிசையில் சொல்ல ஒரு சம்பவம் உங்களிடம் இருக்க வேண்டும். அது எந்தப் பட்டயத்தையும்விட எடை கூடியது.

2009-ல் ஹாக்கி இந்தியா என்ற புது அமைப்பு வந்தது. 2018 முதல் ஒடிசா அரசு அணிக்குப் பின்னால் நின்றது. 41 வருட இடைவெளிக்குப் பிறகு டோக்கியோவில் வெண்கலம் கிடைத்தது, 2024-ல் பாரிஸிலும் கிடைத்தது. திட்டிய ரசிகர்கள் ஹாக்கியை வெறுத்துத் திட்டவில்லை, அக்கறையில்தான் திட்டினார்கள் என்பதற்கு 2023 ஆகஸ்டில் சென்னை ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்குத் திரண்ட கூட்டமே சாட்சி. உங்கள் ஊரில் உங்களைக் கேள்வி கேட்பவர்களும் அப்படித்தான். அடுத்த பட்டியல் போடுவதற்கு முன் அளவுகோலை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.